மரத்துல செஞ்ச குட்டி விமானம் நம்ம ஊரு வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருல குட்டி விமானங்க பறக்கிற ஜக்கூர் பக்கம் டீக்கடையில நின்னாலும் சரி, ஹலசூர்ல யாரு வீட்டுக் கல்யாணப் பந்தியில உக்காந்தாலும் சரி, நான் விமான மெயின்டெனன்ஸ்ல இருந்தவன்னு தெரிஞ்சா போதும், யாராவது ஒருத்தர் செல்போன்ல ஒரு படத்த நீட்டி "சார், இந்த மாதிரி பழைய ஸ்டைல் மர விமானம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், பெங்களூருக்கு ஒத்துவருமா"ன்னு கேட்டுடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

இந்தக் காலத்துல போய் மரமா? அதெல்லாம் மியூசியத்துல வெக்கிற சமாச்சாரம் இல்லையா?

இல்ல. பிரான்ஸ்ல வந்த ராபின் டிஆர்400 முதல்ல பறந்தது 1972-ல, முழுக்க மரமும் துணியும்தான், இன்னைக்கும் ஐரோப்பா ஃப்ளையிங் கிளப்புகள்ல அதுலதான் பசங்க பறக்கக் கத்துக்கறாங்க. நம்ம நாட்டுக்கும் இது புதுசு இல்ல. 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலேருந்து பம்பாய் ஜூஹுவுக்கு தபால் மூட்டையோட வந்தாரே, அந்த பஸ் மாத் விமானத்தோட இறக்கை மரம்தான், மேல துணி. அங்கேருந்து நெவில் வின்சென்ட் அதே தபால பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு கொண்டு வந்தாரு. அப்புறம் 1961-ல ரோகிணின்னு, இன்ஜின் இல்லாம பறக்கிற ஒரு மர கிளைடர், நம்ம சிவில் ஏவியேஷன் டிபார்ட்மென்ட்ல எஸ். ராமாமிர்தம் டிசைன் பண்ணது, நூறுக்கு மேல செஞ்சு ஊர் ஊரா கிளைடிங் கிளப்புகளுக்கு குடுத்தாங்க. அதெல்லாம் இந்த வெயில்லயும் இந்த மழையிலயும்தான் பறந்துச்சு.

"பழைய ஸ்டைல்"னு சொல்றதுல ரெண்டு ரகம் இருக்கு, அதக் குழப்பிக்காதீங்க. ஒண்ணு நெஜமாவே பழசு, 1931-ல வந்த டைகர் மாத் மாதிரி, இல்லன்னா அம்பது அறுபதுகள்ல கட்டின ஜோடெல் மாதிரி. இன்னொண்ணு பழைய டிசைன வெச்சு புதுசா கட்டினது. பீட்டன்போல் ஏர் கேம்பர்னு அமெரிக்காவுல மினசோட்டாவுல 1920-கள் கடைசியில ஒருத்தர் ஃபோர்டு கார் இன்ஜின மாட்டி செஞ்சாரு, அந்த பிளான வாங்கி இன்னைக்கும் ஆளுங்க வீட்டு ஷெட்ல கட்டிட்டு இருக்காங்க. நம்ம சீதோஷ்ணத்துக்கு ரெண்டாவது ரகம்தான் நல்லது, ஏன்னா மரம் அதே மரம்தான், பசை வேற.

ரெண்டாம் உலகப்போர்ல மாஸ்கிட்டோ விமானம் இந்தியாவுல பசை விட்டுப்போய் உடைஞ்சுதாமே?

இந்தக் கதைய எல்லாரும் பாதியில நிறுத்திடுறாங்க. மாஸ்கிட்டோ, ப்ளைவுட்டுக்கு நடுவுல பால்சா மரம் வெச்சு ஒட்டின போர் விமானம். 1944 கடைசியில இந்தியா பர்மா பக்கம் வரிசையா சில விபத்து. கேசீன் பசை, அதாவது பால்லேருந்து எடுக்கிற பசை, வெயிலுக்கும் மழைக்கும் விட்டுப்போச்சுன்னுதான் முதல்ல பேச்சு. விசாரிக்க வந்த, அந்த விமானத்த செஞ்ச கம்பெனியோட ஹெரவர்ட் டி ஹாவிலண்ட் குழு, பசை இல்ல, மரம் சுருங்கினதுதான் காரணம்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் நடந்த விசாரணையில கட்டும்போதே ஒட்டுல குறை இருந்ததுன்னு வந்துச்சு. சரியா பொருந்தாத ஒட்டு குளிர் ஊர்ல சும்மா கிடக்கும், நம்ம ஊருக்கு வந்து ஊறிக் காஞ்சு ஊறிக் காஞ்சு ஆடும்போது வாயப் பொளக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அப்போ எந்த பசைன்னு கேக்கணும்?

கண்டிப்பா கேளுங்க. கேசீன்னு சொன்னா கும்பிடு போட்டு வந்துடுங்க, அது ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். யூரியா ஃபார்மால்டிஹைடு வகைக்கு, சூடும் ஈரமும் சேர்ந்தா சீக்கிரம் கெட்டுப்போகும், ரிப்பேருக்குக்கூட இனிமே அத போடாதீங்கன்னு அமெரிக்காவோட விமானத்துறை எஃப்ஏஏ கையேடே சொல்லுது. ரெசார்சினால் பசை நம்ம ஊருக்கு அருமை, கருஞ்சிவப்பா ஒரு கோடு தெரியும், கொதிக்கிற தண்ணியில போட்டாலும் அசையாது, ஆனா ஒட்டுற இடம் முடி நுழையாத அளவுக்கு பொருந்தியிருக்கணும், கிளாம்ப் போட்டு நல்லா அழுத்தணும். எபாக்ஸி கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் மன்னிச்சுக்கும், ஆனா அதுக்கு சூடு ஆகாது, சாதாரண டெம்பரேச்சர்ல காயற சில வகை 50, 60 டிகிரிலயே இளக ஆரம்பிச்சுடும்.

50, 60 டிகிரி எங்க சார் வருது? பெங்களூருல 38 தாண்டினாலே பேப்பர்ல போடறான்!

நிழல்ல 38. வெயில்ல நிக்கிற கருநீல இறக்கைய மத்தியானம் தொட்டுப் பாருங்க, கை வெக்க முடியாது, 70 தாண்டிடும். அதனாலதான் எபாக்ஸியில கட்டின மர விமானத்துக்கு வெள்ளை, க்ரீம், வெளிர் மஞ்சள்னு சொல்றது. முதல் உலகப்போர் சினிமா மாதிரி ரத்தச் சிவப்புல வேணும்னு ஒரு தம்பி ஒத்தக்கால்ல நின்னாரு, சரி வாலுக்கும் மூக்குக்கும் மட்டும் அடிச்சுக்கோங்கன்னு சமாதானம் பண்ணோம்.

மழையில மரம் இத்துப் போயிடாதா?

இதுக்குத்தான் கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும்.

மரம் காத்துல இருக்கிற ஈரத்த குடிச்சுக்கிட்டும் விட்டுக்கிட்டும்தான் இருக்கும், மழைக்காலத்துல பூஜை ரூம் கதவு இறுகிக்கும், பங்குனி வெயில்ல தானா லூசாகும்ல, அதே கதைதான். காத்துல ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள ஈரம் 9 சதவீதம் கிட்ட வந்து நிக்கும், 80 சதவீதம் இருந்தா 16 கிட்ட ஏறும். விமான மரத்துக்கு 10, 12 சதவீதம் சுகமான அளவு. பூஞ்சை பிடிச்சு இத்துப்போகணும்னா 20 சதவீதத்துக்கு மேல தாண்டி அங்கயே ரொம்ப நாள் நிக்கணும். நல்லா கவனிங்க, வெறும் காத்து ஈரத்தால நம்ம ஊருல மரம் 20-அ தாண்டுறது கஷ்டம், தாண்டுதுன்னா எங்கயோ தண்ணி தேங்கி நிக்குதுன்னு அர்த்தம்.

நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு கிளப்போட பழைய துணி விமானம் ஒண்ணு, வெளிய பாத்தா புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு பெயின்ட். கீழ் இறக்கையோட பின் ஸ்பார்கிட்ட, அதாவது இறக்கைய நீளவாக்குல தாங்குற உத்தரத்துகிட்ட, இன்ஸ்பெக்ஷன் மூடிய திறந்தேன், குப்புனு ஒரு வாசனை, பழைய கோணிச்சாக்கு மழையில நனைஞ்ச மாதிரி. திருப்புளியோட பிடியால சும்மா அழுத்தினேன், டீயில ஊறின ரஸ்க் மாதிரி உள்ள போச்சு. ஒரு சாண் நீளத்துக்கு மரம் மரமாவே இல்ல. காரணம் என்னன்னு பாத்தா தண்ணி வடியற ஓட்டைய குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்கு, அதுக்கு பக்கத்து ஓட்டைய பாத்தா இன்னும் கொடுமை, பிளாஸ்டிக் வளையம் அழகா ஒட்டியிருக்காங்க, வளையத்துக்குள்ள துணிய ஓட்டை போடவே மறந்துட்டாங்க! எத்தன வருஷமா அப்படியே இருந்துதோ, அத்தன பேரும் வெளியிலேருந்து பாத்து ஓட்டை இருக்குன்னு டிக் அடிச்சிட்டுப் போயிருக்காங்க. அன்னைலேருந்து எந்த துணி இறக்கைய பாத்தாலும் ஒரு ஊக்க எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பாக்குறது எனக்கு பழக்கமாயிடுச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி வேற என்னல்லாம் பாக்கணும்?

முதல்ல மோந்து பாருங்க, சிரிக்காதீங்க, மூக்கு மாதிரி மீட்டர் கிடையாது. அப்புறம் ரெண்டு ரூபா நாணயத்த எடுத்து ப்ளைவுட் தோல் மேல ஒரு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க, நல்ல ஒட்டு கணீர்னு சத்தம் குடுக்கும், விட்டுப்போன இடம் நமுத்துப்போன அப்பளம் மாதிரி பொத்துனு கேக்கும், அங்க சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. தோல் அலை அலையா இருக்கா, சின்ன ஆணி தலை வெளிய தள்ளிக்கிட்டு இருக்கான்னு சாய்வான வெளிச்சத்துல பாருங்க. ஸ்பார்ல போல்ட் போற இடத்த சுத்தி கருப்பா கறை இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, இரும்பு துருவும் மரமும் சேர்ந்து அந்த கருப்ப குடுக்கும். ஜோடெல் மாதிரி விமானத்துக்கு ஒரே ஒரு பெரிய பெட்டி ஸ்பார், நாலு பக்கமும் மூடியிருக்கும், உள்ள கண்ணால பாக்க முடியாது, அதுக்கு குழாய் கேமரா வாடகைக்கு எடுத்தாவது உள்ள விட்டுப் பாருங்க. இறக்கை எப்பவாவது தரையில இடிச்சிருக்கான்னு லாக் புக்ல தேடுங்க, ஸ்பாரோட குறுக்க தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அது மரம் நசுங்கின விரிசல், அது இருந்தா ஸ்பார மாத்தித்தான் ஆகணும், மேல பசை தடவி சரி பண்ற வேலை கிடையாது.

எடையும் போடச் சொல்லுங்க, பழைய எடைச்சீட்டு வேண்டாம். 150 கிலோ மரம் இருக்கிற விமானம் 10 சதவீத ஈரத்துலேருந்து 15-க்கு போனாலே கிட்டத்தட்ட 7 கிலோ கூடும், அதுக்கு மேல பெயின்டு மேல பெயின்டு அடிச்சிருப்பாங்க.

சென்னையில சொந்த ஊர், பெங்களூருல வேலை. எங்க வெச்சுக்கலாம்?

பெங்களூருதான். இங்க கடல் உப்பு இல்ல, ராத்திரி குளிர்ந்தாலும் பகல்ல காஞ்சிடும். மும்பை ஜூஹு, சென்னை மாதிரி இடத்துல மரத்துக்கு முன்னாடி இரும்பு ஃபிட்டிங்கும் போல்ட்டும்தான் சாகும், அந்த துரு பக்கத்து மரத்தையும் தின்னும். பெங்களூருல பயப்பட வேண்டியது மே மாச ஆலங்கட்டி மழைக்கும் செப்டம்பர் அக்டோபர் அடைமழைக்கும்தான்.

ஹேங்கர் கிடைக்கல, நல்ல தார்ப்பாய் போட்டு வெளிய நிறுத்திக்கலாமா?

வேண்டாம். மாடு வாங்கறவன் மொதல்ல கொட்டகைய பாப்பான், நீங்க மட்டும் ஏன் விமானத்த வாங்கிட்டு ஹேங்கர் தேடறீங்க? பிளாஸ்டிக் தார்ப்பாய் மழைய தடுக்கும், ஆனா தரையிலேருந்து ஏறுற ஆவிய உள்ளயே பிடிச்சு வெக்கும், காலையில வெயில் பட்டதும் உள்ள இட்லிப் பானைதான். ஹேங்கர் கிடைக்கிற வரைக்கும் விமானத்த வாங்காதீங்க, இதுல எனக்கு சமரசமே இல்ல. ஹேங்கர்லயும் ரெண்டு பக்கமும் காத்து போகுதா, மழைக்கு தரையில தண்ணி ஏறுதான்னு அக்டோபர்ல போய் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க, பிப்ரவரியில எல்லா ஹேங்கரும் அழகாத்தான் இருக்கும்.

கரையான், எலி?

சக்கரம் தரையில நிக்குது, சக்கரம் வழியா கரையான் ஏறி நான் பாத்ததில்ல, ஆனா வாலுக்கு அடியில மரக்கட்டைய முட்டு குடுத்து மாசக்கணக்கா விட்டா அது ஏணி மாதிரி ஆயிடும், இரும்பு ஸ்டாண்டு வைங்க. எலிதான் பெரிய தலைவலி, கூடு கட்டி மூத்திரம் விட்டா அந்த ஈரம், இறக்கைக்கு வடிவம் குடுக்கிற குறுக்குச் சட்டமான ரிப்பையும் தின்னும் இரும்பையும் தின்னும். உள்ள உக்காந்து முறுக்கு சாப்பிடாதீங்க. குளவிக்கு வேகம் அளக்கிற பிட்டோ குழாய்னா ரொம்ப இஷ்டம், ஒரு நாள் விட்டாலே மண்ணு வெச்சுடும், நிறுத்தின உடனே உறை போடுங்க.

பெங்களூருல 65 குதிரைசக்தி இன்ஜின் போதுமா?

நீங்க ஒல்லியா, தனியா பறக்கறீங்களா, ஜனவரி காலையிலயா? போதும். மத்தபடி கணக்க நீங்களே போட்டுப் பாருங்க. ஜக்கூர் சுமார் 3,000 அடி உயரம். அந்த உயரத்துக்கு கணக்குப்படி இருக்க வேண்டிய டெம்பரேச்சர் 9 டிகிரி. ஏப்ரல் மத்தியானம் 34. வித்தியாசம் 25 டிகிரி, சூட்டுல காத்து மெலியறதுக்கு டிகிரிக்கு 120 அடின்னு பெருக்கினா 3,000. ஆக தரையில நிக்கும்போதே விமானம் 6,000 அடியில இருக்கிறதாத்தான் நெனச்சுக்கும். இன்ஜின் ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் இழக்கும், 65-ல கையில மிச்சம் 53 கிட்ட. இறக்கைக்கும் காத்து மெலிசு, ப்ரொபெல்லருக்கும் மெலிசு. கடல் மட்டத்துல ஓடுற தூரத்தவிட ஒன்றரை மடங்குக்கு மேல ஓடினாத்தான் தூக்கும், தூக்கினப்புறம் ஏறுறது சோம்பேறித்தனமா ஏறும். ஐரோப்பாக்காரன் வீடியோவுல புல்தரையில நூறு மீட்டர்ல எழும்புறத பாத்து ஏமாறாதீங்க, அங்க 15 டிகிரி, கடல் மட்டம். ரெண்டு பேர் உக்காரணும்னா 90, 100 குதிரைசக்தி இருக்கிறதா பாருங்க. எச்ஏஎல் 1958-ல புஷ்பக் செஞ்சப்பவே 90 குதிரைசக்தி இன்ஜின்தான் போட்டாங்க.

பங்குல கிடைக்கிற பெட்ரோலே போடலாமா?

இப்போ பங்குல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் 912 வகை இன்ஜினுக்கு 10 சதவீதம் வரைக்கும்தான் அனுமதி, பழைய கான்டினென்டல் இன்ஜின்ல ரப்பரும் கார்க்கும் எத்தனாலுக்கு ஊதிப்போகும். அதுவும் ஈரமான ஊர்ல எத்தனால் தண்ணிய இழுத்து டேங்க் அடியில தனியா பிரிஞ்சு நிக்கும். அவ்காஸ், அதாவது விமானத்துக்குன்னே வர்ற பெட்ரோல், வாங்குங்க, 2022-லேருந்து இந்தியன் ஆயில் குஜராத் ரிஃபைனரியிலயே 100எல்எல்ங்கிற அவ்காஸ தயாரிக்குது, முன்னாடி மாதிரி கப்பல எதிர்பாத்துக் கிடக்க வேண்டாம்.

மரப் ப்ரொபெல்லர் அழகா இருக்கு, வெச்சுக்கலாமா?

வெச்சுக்கோங்க, ஆனா பிளேடு நேரா மேலயும் கீழயுமா இருக்கிற மாதிரி நிறுத்தாதீங்க, ஈரம் கீழ் பிளேடுல இறங்கி ஒரு பக்கம் கனமாயிடும், படுக்கையா நிறுத்துங்க. போல்ட்ட மழைக்காலம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் முறுக்கு அளக்கிற டார்க் ரெஞ்ச் வெச்சு பாருங்க. மழையில மரம் ஊதி போல்ட்டுக்கு அடியில நசுங்கிக்கும், வெயில்ல சுருங்கினதும் போல்ட் லூசாயிடும். மழையில பறந்தா பிளேடு முனைய மணல்தாள் தேச்ச மாதிரி தின்னுடும்.

ரிப்பேருக்கு இங்கயே மரம் கிடைக்குமா? தேக்குல செஞ்சா இன்னும் கெட்டியா இருக்குமே?

தேக்கு கனம், அதுல எண்ணெய் இருக்கு, பசை சரியா ஒட்டாது. டிம்பர் யார்டு லேஅவுட்ல கிடைக்கிற ஐஎஸ் 710 மரைன் ப்ளைவுட்டு சமையலறை கபோர்டுக்கு பிரமாதம், இறக்கைக்கு ஆகாது, விமானத்துக்கு 1 மில்லிமீட்டர், 1.5 மில்லிமீட்டர்னு பிர்ச் ப்ளைவுட் சர்டிஃபிகேட்டோட வரணும். சிட்கா ஸ்ப்ரூஸ் மரமும் வெளிநாட்டுலேருந்துதான். மரத்த எப்படி உலர்த்துறது, ஈரம் எப்படி அளக்கிறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா மல்லேஸ்வரம் 18-வது கிராஸ்ல மர அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. ஊசி வெச்ச ஈர மீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, விலை ஒண்ணும் பெருசில்ல.

வெளிநாட்டுலேருந்து கன்டெயினர்ல வந்தா?

சென்னை துறைமுகத்துல இறங்கி ஒயிட்ஃபீல்டு கன்டெயினர் டிப்போ வர்றதுக்குள்ள பெட்டிக்குள்ள பகல்ல வெந்து ராத்திரி வேர்க்கும், கூரையிலேருந்து சொட்டு சொட்டா தண்ணி விழும். ஈரம் உறிஞ்சுற பைய தாராளமா போடச் சொல்லுங்க. பேக்கிங் கட்டைக்கு பூச்சி பரவாம இருக்க ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேணும், அதாவது கட்டையோட நடு வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு காட்டினது. காலிக் கட்டைய முன்னாடியே காட்டி முத்திரை வாங்கிட்டு அப்புறம் விமானத்த வைக்கணும், இல்லன்னா இங்க வந்து மொத்த பெட்டிக்கும் வைத்தியம் பாக்கறேன்னு நிப்பாங்க.

விமானத்துக்கு அனுமதி குடுக்கிற டிஜிசிஏ ஆபீஸ் பேப்பர்?

டைப் சர்டிஃபிகேட், அதாவது அந்த மாடலுக்கே அரசு அங்கீகாரம், இருக்கிற டிஆர்400 மாதிரி விமானத்துக்கு ஒரு பாதை, பிளான் வாங்கி வீட்டுல கட்டின பீட்டன்போலுக்கு வேற பாதை, ரெண்டாவது ரொம்ப நீளம். இப்போ 1934 விமானச் சட்டம் போய் 2025 ஜனவரி 1-லேருந்து பாரதிய வாயுயான் அதினியம் வந்திருக்கு. நீங்க பாத்த அந்த குறிப்பிட்ட விமானத்துக்கு இந்தியப் பதிவு எண்ணான விடி நம்பர் கிடைக்குமான்னு டிஜிசிஏகிட்ட எழுத்துல பதில் வாங்கினப்புறம் அட்வான்ஸ் குடுங்க. ஏஜென்ட் வாய்வார்த்தை செல்லாது.

இவ்வளவு பேசறீங்களே, நீங்க ஒண்ணு வெச்சிருக்கீங்களா?

இல்லைங்க, பென்ஷன்ல எங்க. ஆனா ஆசைக்கு ஏர் கேம்பர் மாதிரி ஸ்ப்ரூஸ்ல ரெண்டு ரிப் செஞ்சு மொட்டமாடி ஸ்டோர் ரூம்ல கயித்துல தொங்கவிட்டிருக்கேன். ஒண்ணுக்கு வார்னிஷ் அடிக்கல. சமையலறை தராசுல வெச்சா பிப்ரவரியில 172 கிராம், அக்டோபர்ல 180. "வருஷா வருஷம் அந்த குச்சிய எதுக்கு நிறுக்கறீங்க, தராசுல நான் மாவு நிறுக்கணும்"னு வீட்டுல திட்டு. வார்னிஷ் அடிச்ச இன்னொரு ரிப்பும் பக்கத்துலயே தொங்குது, அதுவும் ஏறத்தான் செய்யுது, என்ன, ரெண்டு மூணு வாரம் லேட்டா.